சைவத் தோணி

தலத்தெரு சோமசேகரம் பிள்ளையின் வீட்டுக்குள் மீன் வாசம் நுழைந்ததாகச் சரித்திரமே கிடையாது. மீன்காரி அந்த வாசலைக் கடக்கும்போது கூடையை மூடிக்கொள்வாள், வாயையும் மூடிக்கொள்வாள். வெங்காயத்துக்கே வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, திருநீறும் கத்தரிக்காயுமாக வளர்ந்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அந்த மனிதருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் பிடித்தது. விதி என்று சொல்லிக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனபோது ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். சிலருக்குப் பென்ஷன். சிலருக்குப் பேச்சுக்கு நடுவே தோளைக் குலுக்கும் பழக்கம். சிலருக்கு நாள் தவறாமல் சாயங்காலத்தில் வரும் தாகம். சோமசேகரத்துக்கு ஒரு தோணியும் ஒரு தூண்டிலும் கிடைத்தன.

அவர் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. அவருக்கு மேலே இருந்த மொரேல் துரைக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் அரசலாற்றில் தோணி விட்டே ஆகவேண்டும். துரை கனத்த சரீரம். தோணியின் ஒரு முனையில் அவர் உட்கார்ந்தால் மறுமுனை வானத்தைப் பார்க்கும். எதிர்முனையில் கனத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆபீஸ் முழுக்கத் தேடிப் பார்த்ததில் சோமசேகரத்தின் தொந்திதான் தேறியது. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அவருடைய ஒரு தகுதியை மேலிடம் கண்டுகொண்டது அதுதான் முதல் தடவை. "வாரும் முசியே சோமா" என்றார் துரை. இவரும் போய் மூட்டையாக உட்கார்ந்தார்.

முதல் ஞாயிறு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னார். அடுத்த ஞாயிறு ஒரு கண்ணைத் திறந்தார். அதற்கடுத்த வாரம் துரைக்குத் தோள்பட்டையில் பிடிப்பு, துடுப்பு இவர் கைக்கு வந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்தார். ஆற்றில் அல்ல.

துடுப்பை இடப்பக்கம் வலித்தால் தோணி வலப்பக்கம் திரும்பியது. மெல்லப் போ என்றால் மெல்லப் போனது, நில் என்றால் நின்றது. வீட்டிலோ ஆபீஸிலோ அவர் சொல்லி ஒன்றும் நின்றதில்லை, நகர்ந்ததுமில்லை. காரைக்காலில் அவர் பேச்சைக் கேட்ட ஒரே ஜீவன் அந்த மரக்கட்டைதான். கடல் தண்ணீர் ஏறும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போய், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், ஆறே தோணியைத் தூக்கி ஊர்ப்பக்கம் கொண்டுவந்து விடும். துடுப்பு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அவருக்கு அது பிடித்திருந்தது. இதற்கு மேல் அதை விளக்க அவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் துரை சுருட்டைப் பற்றவைப்பதற்காகத் தூண்டிலை இவரிடம் கொடுத்தார். "கொஞ்சம் பிடியும்" என்றார். இவர் பிடித்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று அவரையும் பிடித்து இழுத்தது. அந்த இழுப்பு விரலில் ஏறி, முழங்கையில் ஏறி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு அது இறங்கவே இல்லை.

கொடி மாறியது. துரை மூட்டை கட்டினார். கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் அன்பளிப்பாகக் கொடுப்பது துரைமார் வழக்கம். தோணியும் தூண்டிலும் வைக்கோல் தொப்பியும் சோமசேகரத்துக்கு வந்து சேர்ந்தன. தோணியின் மூக்கில் துரைசானியின் பெயர் எழுதியிருந்தது. அடுத்தவன் பெண்சாதி பேரில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போவது சைவனுக்கு அழகா? அதைச் சுரண்டிவிட்டு, வெள்ளைப் பெயின்டில் மூன்று கோடுகளை இழுத்தார். தோணிக்கும் திருநீற்றுப் பட்டை ஏறியது. இனி அது நம் தோணி என்று அவருக்கு மனசு ஆறியது.

மீன் பிடிப்பது பாவமில்லையா? அதற்கும் வழி வைத்திருந்தார். முதலாவது, புழுவைத் தொடமாட்டார், இறாலைத் தொடமாட்டார். கேழ்வரகு மாவில் பெருங்காயம் கலந்து பிசைந்த உருண்டைதான் இரை. அரசலாற்றுக் கெண்டைகளுக்கு அது பிடித்துப்போனது. இரண்டாவது, அவர் எதையும் கொல்வதில்லை. அகப்பட்ட மீனைத் தோணியில் இருக்கும் மண்பானைத் தண்ணீரில் விட்டுவிடுவார். "தண்ணிலேர்ந்து தண்ணிக்கு. ஒரு டிரான்ஸ்பர், அவ்வளவுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். டிரான்ஸ்பர் ஆனவனுக்குப் போன இடத்தில் என்ன ஆயிற்று என்று எந்த ஆபீஸ் விசாரித்திருக்கிறது?

அந்தப் பானை டிரான்ஸ்பர் ஆகிற இடம் ஆஸியா பீவியின் கொல்லை. யுனானி வைத்தியம் பார்த்துக் காலமான ஹக்கீம் நூகு சாயபுவின் மனைவி அவள். ஆற்றை ஒட்டி வீடு. கொல்லைப் படித்துறையில் இருந்த தென்னையில் தோணியைக் கட்டிக்கொள்ள இவருக்கு இடம் கொடுத்திருந்தாள். பதிலுக்கு இவர் பானையைப் படியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அந்த அம்மாள் அதைக் குழம்பு வைக்கிறாளா, பொரிக்கிறாளா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைக் கேட்டால் சைவம் கெட்டுவிடாதா?

ஹக்கீம் போன பிறகும் அந்த வீட்டிலிருந்து மருந்து போவது நிற்கவில்லை. முக்கியமாக வைத்தியலிங்கம் பிள்ளைக்கு. அவர் தலத்தெரு சைவ ஒழுக்கச் சபையின் தலைவர். ஒருவருடைய ஏப்பத்தைக் கேட்டே முந்தின நாள் அவர் சாப்பிட்டதைச் சொல்லிவிடுவார் என்று பேர். பாவம், அவருக்குத் தீராத வயிற்று நோய். யுனானி வைத்தியம்தான் கேட்கிறதாம். நடுப்பகல் ஆனால் வேலைக்காரன் மருதையன் துணி சுற்றிய தூக்குப்பாத்திரத்தில் பீவி வீட்டிலிருந்து கஷாயம் வாங்கி வருவான். சூடான சோற்றோடுதான் அதைச் சாப்பிட வேண்டும், தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட வேண்டும் என்று பத்தியம். இந்தக் கொடிய நோயால் தலைவர் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போனார். ஊர் உச்சுக் கொட்டியது.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் சபைக் காரியதரிசி சுப்ராயன் ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கும்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டார். வைக்கோல் தொப்பி ஒன்று போயிற்று. தொப்பிக்குக் கீழே யார் என்று தெரியவில்லை. தோணியின் மூக்கில் இருந்த பட்டை தெரிந்தது. காரைக்காலிலேயே திருநீறு பூசிய தோணி ஒன்றுதான். அடையாளத்தைத் தானே எழுதி வைத்துவிட்டு ஒளிந்து திரிந்த புத்திசாலி நம் ஆள்தான்.

சபை கூடியது, முடிவெடுத்தது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோமசேகரம் பிள்ளை சபை முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இனி தோணியில் ஏறுவதில்லை, தூண்டிலைத் தொடுவதில்லை. மறுத்தால் சபையிலிருந்து தள்ளி வைப்பார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் படியேறமாட்டார்கள்.

சேதி வீட்டுக்கு வந்தபோது நீலாயதாட்சி அம்மாள் அடுப்படியில் இருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

"சத்தியம் பண்ணிட்டு வந்துடுங்க" என்றாள்.

"நீலா, அறுபத்து மூணு பேருல ஒருத்தர் நம்ம நாகப்பட்டினத்துல வலை போட்டவர்தானே? அவரைக் கோவில்ல வச்சுக் கும்பிடலையா?"

"அவர் முதல் மீனைச் சாமிக்குன்னு திரும்பக் கடல்லயே விட்டாருங்க. நீங்க எதை விட்டீங்க? காலையில பூசையத்தான் விட்டீங்க."

அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு நம்ம அல்லிக்கு ஒரு நல்லது நடக்கணும்ங்க. பந்தல் போட்டுட்டு ஆளில்லாம உக்காந்திருக்க முடியுமா?"

அல்லி அவர்களுடைய ஒரே பெண். அவள் பேர் வந்த பிறகு பேச ஒன்றும் இல்லை. பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். சின்னப் பையன் கையிலிருந்து காற்றாடியைப் பிடுங்கிக்கொண்டால் ஓவென்று அழுவான். குமாஸ்தாவுக்கு அந்த வசதியும் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கடைசி முறையாகப் போனார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவசரப்படாமல் வலித்து முகத்துவாரம் வரைக்கும் போனார். உப்பங்காற்று முகத்தில் அடித்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் யார் குடியையும் கெடுத்ததில்லை, லஞ்சம் வாங்கியதில்லை, ஒரு சீட்டாட்டம் உண்டா, ஒரு மூக்குப்பொடி உண்டா? அவருக்கு என்று இருந்தது இந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் சபை கேட்டது. ஒழுக்கம் என்றால் அப்படித்தான், இல்லாதவனிடம் இருக்கிற ஒன்றைத்தான் முதலில் கேட்கும்.

தூண்டில் போட மனமில்லை. இருந்தாலும் மாவு உருண்டை வீணாகிறதே என்று போட்டார். அன்றைக்கென்று பார்த்து முழங்கை நீளத்தில் ஒரு கெண்டை வந்தது. பானைக்குள் வளைந்துதான் நின்றது.

படித்துறையில் பானையை வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நின்றார். "அக்கா, இனிமே இல்லை. இதுதான் கடைசி. சாயங்காலம் சத்தியம் பண்ணப் போறேன்."

ஆஸியா பீவி பானைக்குள் எட்டிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "என்ன தம்பி இப்படிக் கல்லைத் தூக்கிப் போடுறிய? நீங்க நிப்பாட்டிட்டா நான் மருந்துக்கு எங்க போவேன்?"

கிழவிக்கு மீன் எண்ணெய் ஏதோ உடம்புக்குத் தேவைப்படுகிறது போலிருக்கிறது என்று நினைத்து இவர் மிகவும் வருத்தப்பட்டார். "ஆண்டவன் பார்த்துப்பான் அக்கா" என்றார். அவள் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இவர் தோணியின் பட்டையை ஒரு தரம் தடவிவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

சாயங்காலம் சபை நிரம்பி வழிந்தது. நாயன்மார் குருபூசைக்குக்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை. அடுத்தவன் மானம் போவதைப் பார்க்க ஆசையில்லாத சைவன் யார்? நடுவில் தாம்பாளத்தில் வாழைப்பழச் சீப்பும் வெற்றிலையும், பக்கத்துத் தட்டில் கற்பூரமும் இருந்தன. சோமசேகரம் குளித்து, பட்டையாகத் திருநீறு பூசி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர் வைத்தியலிங்கம் பிள்ளை நேரம் கழித்துத்தான் வந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். கண் சிவந்திருந்தது. எச்சிலை விழுங்கும்போதெல்லாம் ஒரு தோளைத் தூக்கி இறக்கினார். சுப்ராயன் கற்பூரத்தை ஏற்றினார். சத்திய வாசகத்தைத் தலைவர் சொல்ல, குற்றவாளி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

தலைவர் வாயைத் திறந்தார். "சிவ..." என்றார். அதற்கு மேல் "க்... க்..." என்றுதான் வந்தது.

"என்னண்ணே, என்னாச்சு?" என்று சுப்ராயன் பதறினார்.

தலைவர் தொண்டையைக் காட்டினார். "மத்தியானம்... மருந்து. அதுல வேர். குத்திக்கிட்டு... இறங்கலை."

சபை முழுக்க இரக்கம் பொங்கியது.

"சுடுசோத்தை உருட்டி, மெல்லாம அப்படியே முழுங்குங்கண்ணே. இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றார் சுப்ராயன்.

"சோத்துக்குக் கேக்காது. பூவன்பழம்தான். பாதிப் பழமா முழுங்கணும்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர்.

"இருமிடாதீங்க! இருமினா குறுக்கால திரும்பிக்கும். கெண்டைன்னா ரெண்டு பக்கமும் கவடு இருக்கும்..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது.

சோமசேகரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் மனசில் அப்போது சூது ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏங்க, தொண்டையில வேர் மாட்டினா இத்தனை வைத்தியம் இருக்கா? எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதே. உங்க எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது?"

முன்வரிசைப் பெரியவர் வெற்றிலைக் காம்பை மிகுந்த அக்கறையோடு கிள்ளத் தொடங்கினார். சுப்ராயன் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர், எதிரே இருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துப் பாதியாக விழுங்கினார். புரையேறியது. உடம்பெல்லாம் குலுங்க ஒரு பெரிய இருமல். பழத்தோடு ஏதோ ஒன்று வந்து வெற்றிலை மேல் விழுந்தது. சோமசேகரத்தின் காலடியில்தான் அந்தத் தாம்பாளம் இருந்தது. குனிந்து பார்த்தார். வெள்ளையாக, மெல்லியதாக, நுனியில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மண்ணுக்குள் இருக்கிற வேர் எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று முதலில் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் வாசம் வந்தது. காலையில் பானைக்குள் வளைந்து நின்றதே, அதன் வாசம். 'நான் மருந்துக்கு எங்க போவேன்' என்று ஆஸியா பீவி கேட்டது காதில் விழுந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் திருடனைப் போலக் கொல்லை வழியாக வந்து போனதும், மாவுக் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்ததும், மனைவி முன்னால் தலை குனிந்து நின்றதும் எல்லாம் சேர்ந்து வந்த கோபம். அந்த மண்டபத்திலேயே மீனை நாக்கில் வைத்தறியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் மீன் பிடித்த குற்றவாளி.

ஆனால் குமாஸ்தா கத்தமாட்டார். மேலதிகாரியிடம் பேசுகிற பணிவோடுதான் பேசினார்.

"தலைவரு கஷ்டப்பட வேண்டாம்ங்க. வாசகத்தை நானே சொல்லிடுறேன். மீனோட எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லைன்னு கற்பூரத்தை அணைச்சுடுறேன். தனியாப் பண்றதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. எல்லாரும் ஆளுக்கொரு கை சேர்த்துப் பண்ணிடலாமே? கற்பூரம் இன்னும் எரியுது."

ஒரு கையும் நீளவில்லை. கற்பூரம் நிதானமாக எரிந்தது. அது எப்போது அணையும் என்று சபையே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கற்பூரத்துக்கு அவசரம் ஏது? கடைசியில் ஒரு வழியாக அணைந்ததும் சுப்ராயன் எழுந்து, தலைவரின் தேக அசௌகரியத்தை முன்னிட்டு இந்த விஷயம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். தேவாரம் பாடாமலேயே சபை கலைந்தது. வெற்றிலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனவர் தலைவர்.

வீட்டில் நீலாயதாட்சி அம்மாள் விளக்கைத் தூண்டிக்கொண்டு காத்திருந்தாள். "சத்தியம் ஆச்சா?"

"இல்லை. தலைவருக்குத் தொண்டை சரியில்லை."

"சபை தள்ளி வச்சுடுச்சா?"

"என்னை இல்லை, விஷயத்தைத்தான் தள்ளி வச்சிருக்காங்க." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள். முள் விழுந்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அருவருப்பா என்று விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு எழுந்து உள்ளே போனவள், நிலைப்படியில் திரும்பி நின்றாள்.

"வீட்டுல பெருங்காயம் தீர்ந்து போச்சு. நாளைக்கு வாங்கிட்டு வாங்க. உங்களுக்கும் சேர்த்தே வாங்கிக்குங்க, என் டப்பாவுல கை வைக்க வேண்டாம்."

எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது, அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் படித்துறையில் தோணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஆஸியா பீவி இறங்கி வந்தாள். முகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"தம்பி, மருதையன் இப்பத்தான் வந்துட்டுப் போறான். பெரியவருக்குத் தொண்டை தேவலையாம். மருந்தை மட்டும் கொஞ்சம் மாத்தச் சொல்லி உட்டிருக்காரு. கெண்டை வேணாமாம், முள்ளு சாஸ்தியாம். கொடுவா கிடைச்சா ஒடம்புக்கு ஒத்துக்கும்னாரு."

சோமசேகரம் தோணியில் ஏறி உட்கார்ந்தார். வைக்கோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துடுப்பால் படியைத் தள்ளினார். ஏறுகிற தண்ணீர் தோணியைத் தூக்கிக்கொண்டது.

"கொடுவா மாவுக்கு வராதுன்னு சொல்லிடுங்க அக்கா. அதுக்கு உயிரோட இறாலைக் கோக்கணும். அந்தப் பாவமெல்லாம் நம்மால ஆகாது. நான் சைவம்."